மழை வருவதற்குள்: சென்னை வீடுகளுக்குச் சில குறிப்புகள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கி டிசம்பர் கடைசி வரை நீடிக்கும். சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் இந்தச் சில வாரங்களில்தான் பெய்கிறது. அதுவும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்வதில்லை. வங்கக்கடலில் ஒரு தாழ்வுப் பகுதி உருவானால் மூன்று நாள் கொட்டும், பிறகு பத்து நாள் வெயில் அடிக்கும், மறுபடியும் ஒன்று கிளம்பி வரும். வெயில் அடிக்கும் அந்த இடைவெளியில் செய்துமுடிக்கிற வேலைதான் மழை நாளில் கைகொடுக்கும்.

நுங்கம்பாக்கம் மண்டல வானிலை மையத்தின் அறிவிப்பை நாம் எல்லோரும் கேட்கிறோம். கேட்டதும் "நாளைக்கு ஸ்கூல் லீவா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நமக்கு இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதும் அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது. அதைக் கணக்கில் வைத்தே இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

1. இடத்தைக் குறிக்கும் சொல்லை முதலில் பாருங்கள். "ஓரிரு இடங்களில்" என்றால் மழைமானி உள்ள இடங்களில் கால் பங்குக்குள்தான் மழை இருக்கும். "ஒருசில இடங்களில்" என்றால் பாதி வரை, "அநேக இடங்களில்" என்றால் முக்கால் பங்கு வரை. "பெரும்பாலான இடங்களில்" என்று வந்துவிட்டால் உங்கள் தெருவும் நனையும் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்தது அளவு. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 செ.மீ. வரை மிக கனமழை, அதற்கும் மேலே போனால் அதி கனமழை. "கன" என்ற சொல் மூன்றிலும் இருப்பதால் ஒன்றுபோலக் காதில் விழுகிறது. வீட்டு வாசலில் தண்ணீர் நிற்பதற்கும் வீட்டுக்குள் தண்ணீர் வருவதற்கும் உள்ள வித்தியாசம் இந்த மூன்றுக்குள்தான் இருக்கிறது.

2. எச்சரிக்கையின் நிறத்தையும் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். சிவப்பு என்றால் செயல்படுங்கள். சிவப்பு வந்தபிறகு மளிகைக் கடைக்கு ஓடினால் பிரெட்டும் மெழுகுவத்தியும் தீர்ந்திருக்கும். எனவே மஞ்சளிலேயே கடை வேலையையும், ஆரஞ்சில் வீட்டு வேலையையும் முடித்துவிடுங்கள். சிவப்பு நாளில் வெளியே போகவேண்டிய தேவையே இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. செய்தியில் வரும் மழை அளவு காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 மணி வரைக்கும் ஆனது. ஊர் முழுவதற்கும் ஒரே அளவு என்று எண்ணிவிடக் கூடாது. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. ஒரே பெருநகரப் பகுதி, மின்சார ரயிலில் முக்கால் மணி நேரத் தூரம். உங்கள் பகுதிக்கு அருகில் எந்த மழைமானி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அந்த எண்ணைப் பாருங்கள்.

4. ஏழு நாள் முன்னறிவிப்பில் எல்லா நாளையும் ஒரே அளவுக்கு நம்பக் கூடாது. ஐந்தாவது, ஆறாவது நாளுக்குச் சொல்வது ஒரு போக்கை மட்டும் காட்டும். வெளியூர்ப் பயணம், வீட்டு விசேஷம், பெயிண்டிங் வேலை போன்றவற்றைத் தள்ளிப்போடலாமா என்று யோசிக்க அது போதும். அடுத்த மூன்று நாள்களுக்கான அறிவிப்பை வைத்துத்தான் வேலையில் இறங்க வேண்டும். மழை நெருங்கிவிட்டால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் அறிவிப்பையும் ரேடார் படத்தையும் பாருங்கள். சென்னைத் துறைமுகப் பகுதியிலும் பள்ளிக்கரணையிலும் டாப்ளர் ரேடார்கள் உள்ளன. படத்தைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். இந்தப் பருவத்தில் மேகத் திரள்கள் பெரும்பாலும் கிழக்கே கடலிலிருந்து கரைக்கு நகரும். ஆகவே கடல் மேல் சிவப்புத் திட்டு இருக்கிறதா என்று பார்த்தால் துணி எடுக்கவும், பிள்ளையை அழைத்துவரவும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தோராயமாகப் புரியும்.

முன்னறிவிப்பு தவறுவதும் உண்டு. 2021 டிசம்பர் 30 அன்று பெரிய மழை வரும் என்ற எச்சரிக்கை இல்லாமலேயே பிற்பகலில் நகரம் வெள்ளக்காடானது. அலுவலகம் விட்டவர்கள் வீடு சேர நள்ளிரவானது. 2024 அக்டோபர் 16 இதற்கு நேர்மாறு. சிவப்பு எச்சரிக்கை இருந்தது, மழை வடக்கே விலகிப்போனது. அன்று ஏமாந்துவிட்டோம் என்று சலித்துக்கொண்டவர்கள் பலர். எனக்கு அந்தச் சலிப்பில் உடன்பாடில்லை. கழுவிய மொட்டை மாடியும் நிரப்பிய தொட்டியும் அடுத்த மழைக்கும் உதவும். அதற்கு முன்பே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியவர்களைக் கேலி செய்ததும் சரியில்லை. முந்தைய ஆண்டுகளில் அவர்கள் இழந்தது அவர்களுக்குத்தானே தெரியும்!

5. கடலில் உருவாகும் சுழற்சியின் பெயர்களையும் வரிசையாகத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல். காற்றின் வேகம் மணிக்கு 62 கி.மீ. எட்டும்போதுதான் புயல் என்று பெயர் சூட்டுவார்கள். "புயலாக மாறவில்லையாம்" என்ற செய்தியைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். பெயர் காற்றை வைத்துத்தான், மழையை வைத்து இல்லை. நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் தாழ்வு மண்டலம் வேகமாகக் கரை கடக்கும் புயலைவிட அதிக மழையைக் கொட்டிவிடலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திரத்தின் பாபட்லா அருகே, 5-ஆம் தேதி. சென்னை மூழ்கியதோ அதற்கு முந்தைய இரண்டு நாள்களில், புயல் நம் கரைக்கு அருகே மெல்ல ஊர்ந்து சென்றபோது. துறைமுகக் கூண்டு எண்கள் கப்பல்களுக்கும் மீனவர்களுக்கும் ஆனவை. அவற்றை வைத்து வீட்டில் பதற வேண்டியதில்லை.

6. மொட்டை மாடியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் வேப்பிலை, பால் கவர், பட்டத்து நூல், உடைந்த கிளிப் என்று சேர்ந்திருக்கும். கையால் அள்ளிவிட்டு ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் சுழன்று இறங்கினால் சரி, தேங்கி நின்றால் குழாய்க்குள் அடைப்பு இருக்கிறது. வாய்க்கு ஒரு கம்பி வலையைப் பொருத்திவிட்டால் அந்தப் பருவம் முழுவதும் கவலையில்லை. கைப்பிடிச் சுவர் ஓரத்தில் விரிசல் இருந்தால் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சைப் பூசலாம். ஆனால் அது காய இரண்டு வெயில் நாளாவது வேண்டும். ஏழு நாள் முன்னறிவிப்பைப் பார்த்து நாளைக் குறியுங்கள். மாடியில் இருக்கும் தகரம், பூந்தொட்டி, உடைந்த நாற்காலி எல்லாம் பலத்த காற்றில் பக்கத்து வீட்டுக்காரர் தலையில் விழக்கூடியவை. அவற்றைக் கீழே இறக்கிவிடுங்கள்.

7. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. தொட்டி நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அதில் கூழாங்கல்லும் மணலும் சேறாகி இறுகிக் கிடப்பதுதான் சங்கடம். மழைக்கு முன் ஒருமுறை அவற்றை எடுத்து அலசிப் போடுங்கள். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 9,300 லிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு தண்ணீர் லாரி. மே மாதத்தில் அந்த லாரிக்காக எத்தனை முறை போன் போடுகிறோம்! பருவத்தின் முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். அது மாடியின் தூசியையும் காக்கை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும்.

8. தரைமட்டத்தில் இருக்கும் சம்ப் மூடியில் இடைவெளி இருந்தால் தெருத்தண்ணீர் நேராகக் குடிதண்ணீரில் கலக்கும். மூடியைச் சுற்றிச் சிமெண்டால் அரை அடி உயரத்துக்குத் திண்டு எழுப்புவது நிரந்தர வழி. அதற்கு நேரமில்லாதபோது கனமான பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரங்களில் மணல் மூட்டை வையுங்கள். ஆரஞ்சு எச்சரிக்கை வந்ததும் மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவிட்டு மோட்டார் சுவிட்சை அணைத்துவிடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் தனியாக மூன்று நாள் தண்ணீர் பிடித்துவையுங்கள். தெருத்தண்ணீர் சம்ப்பில் கலந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே அதைக் குடிக்கக் கூடாது. முழுக்க இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு அலசியபிறகுதான் புதுத் தண்ணீர் விட வேண்டும். மழை வாரத்தில் எந்தத் தண்ணீராக இருந்தாலும் தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடியுங்கள்.

9. தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இன்னொன்று. வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டுக் காத்திருப்போம். தண்ணீர் கழிவறை வழியாகப் பின்பக்கம் ஏறிவரும். சாக்கடை நிரம்பினால் அதுதான் நடக்கும். கெட்டியான பிளாஸ்டிக் பையில் மணலைக் கட்டிக் கழிவறைக் கோப்பைக்குள்ளும், குளியலறையில் தண்ணீர் போகும் துளை மேலும் பாரமாக வைத்துவிடுங்கள்.

10. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் போதுமா என்று இப்போதே பாருங்கள். தரையில் இருந்தால் செங்கல் அடுக்கி இரண்டடியாவது உயர்த்துங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வரும் அறிகுறி தெரிந்ததும் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். ஈரக்கையோடும் தண்ணீரில் நின்றுகொண்டும் அதைத் தொடாதீர்கள். சுவிட்ச் இருக்கும் இடம் நனைவதற்கு முன்பே செய்துவிட வேண்டிய வேலை இது. தெருமுனையில் இருக்கும் மின்சாரப் பில்லர் பாக்ஸ் பக்கம் பிள்ளைகள் போகவே கூடாது. முழங்கால் தண்ணீரில் அதை ஒட்டி நடப்பதைவிட நாலு தெரு சுற்றிப்போவது மேல். இடி இடிக்கும்போது டிவி, வைஃபை மோடம் இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

11. மின்சாரம் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள். திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் வரை குளிர்ச்சி தாங்கும். ஃப்ரீஸரில் தண்ணீர் பாட்டில்களை முன்கூட்டியே உறையவைத்தால் இன்னும் நேரம் கிடைக்கும், உருகியபிறகு குடிக்கவும் ஆகும். மழை எச்சரிக்கை உள்ள வாரத்தில் மீன், கறி வாங்கிச் சேர்க்க வேண்டாம். மாவை மட்டும் அரைத்துவிடுங்கள், ஏனென்றால் மின்சாரம் போனபின் கிரைண்டர் ஓடாது. முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, புளித்துவிட்டால் வெங்காயம் பச்சைமிளகாய் நறுக்கிப் போட்டுக் குழிப்பணியாரம் அல்லது ஊத்தப்பம். குளிர்ந்த காற்றில் மாவு பொங்கத் தாமதமாகும். தண்ணீரைக் குறைத்து, உப்புப் போட்டுக் கையால் நன்றாகக் கரைத்து, பாத்திரத்தை ஒரு கனமான துண்டில் சுற்றி அடுப்பு மேடையிலேயே வையுங்கள்.

12. மளிகையில் மழைக்காக வாங்கவேண்டியவை அதிகமில்லை. பால் பவுடர் (மிக்ஜாமின்போது பால் பாக்கெட்டுக்குக் கைக்குழந்தைக்காரர்கள் பட்ட பாட்டை மறக்க முடியாது), அவல், ரவை, பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், பிஸ்கட், தீப்பெட்டி. அவலைத் தயிரிலோ வெல்லத் தண்ணீரிலோ ஊறவைத்தால் அடுப்பே வேண்டாம். ரவையை வறுத்து ஆறவைத்து டப்பாவில் போட்டால் வண்டு வராது. உப்பு ஜாடியில் ஒரு சிட்டிகை அரிசி, பருப்பு டப்பாவில் இரண்டு காய்ந்த மிளகாய், அப்பளத்துக்கு இறுக்கமான மூடி. கேஸ் சிலிண்டர் பாதிக்குக் கீழே இருந்தால் மஞ்சள் எச்சரிக்கையிலேயே பதிவுசெய்யுங்கள்.

13. துணி காய்வதுதான் இந்த மாதங்களில் தினசரிப் போராட்டம். பள்ளிச் சீருடைக்கு முதலிடம் கொடுங்கள், ஜீன்ஸும் போர்வையும் வெயில் நாளுக்குக் காத்திருக்கட்டும். கடலோரத்தில் இந்தப் பருவமழை இரவிலும் விடியற்காலையிலும் வலுப்பது அடிக்கடி நடக்கிறது. அப்படிப்பட்ட நாள்களில் முற்பகலுக்கும் பிற்பகலுக்கும் நடுவே கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் சேர்த்தால் முடைநாற்றம் வராது. இரண்டு கொடிகளில் மாற்றி மாற்றி உலர்த்தினால் மின்விசிறிக் காற்று ஊடே போகும். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஈரம் ஏறியதும் மாற்றுங்கள்.

14. மருந்து பத்து நாளைக்குக் கையிருப்பில் இருக்க வேண்டும், குறிப்பாக ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, ஆஸ்துமா மருந்துகள். இன்சுலின் போடுகிறவர்கள் நீண்ட மின்வெட்டு வந்தால் எப்படிப் பாதுகாப்பது என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டுவையுங்கள். மண்சட்டியில் ஈரமணல் நிரப்பி, பாட்டிலை நனையாமல் பையில் போட்டு அதற்குள் வைப்பது பல வீடுகளில் கைகொடுத்திருக்கிறது. ஆதார், பத்திரம், சான்றிதழ், ரேஷன் அட்டை எல்லாவற்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். கைப்பேசியில் படமும் எடுத்துவிடுங்கள். கொஞ்சம் ரொக்கமும் சில்லறையும் தேவை. டவர் போய்விட்டால் ஜிபே ஓடாது.

15. வண்டி தண்ணீரில் நின்றிருந்தால், வடிந்ததும் ஆசையாக ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். எஞ்சினுக்குள் போன தண்ணீர் அப்போதுதான் பெரும் சேதத்தை உண்டாக்கும். அந்தச் சேதத்துக்குச் சாதாரணக் காப்பீட்டில் பணம் கிடைப்பதும் கடினம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மரத்தடியில் வண்டி நிறுத்தாதீர்கள். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் வந்தபோது நகரமெங்கும் மரங்கள் சாய்ந்து கிடந்தன. கணேசபுரம், துரைசாமி, அரங்கநாதன் சுரங்கப்பாதைகள் வழியாகத் தினமும் போகிறவர்கள் மாற்று வழியை வெயில் நாளிலேயே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

16. அடையாற்றங்கரை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் பக்கம் இருப்பவர்கள் மழை அறிவிப்போடு செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தையும் தினமும் பார்க்க வேண்டும். ஏரியின் முழு உயரம் 24 அடி. 22 அடியை நெருங்கும்போதே உபரிநீர் திறப்புப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். ஒரு கனஅடி என்பது சுமார் 28 லிட்டர். விநாடிக்கு ஆயிரம் கனஅடி திறந்தால் ஒவ்வொரு விநாடியும் 28,000 லிட்டர் ஆற்றில் இறங்குகிறது என்று பொருள். 2015 டிசம்பர் 1 இரவு திறக்கப்பட்டது விநாடிக்குச் சுமார் 29,000 கனஅடி. வடசென்னையில் கொசஸ்தலை ஆற்றின் ஓரம் இருப்பவர்களுக்குப் பூண்டி ஏரியின் கணக்கு. இதோடு தினசரி காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி எப்போது என்றும் பாருங்கள். அந்த நாள்களை ஒட்டிக் கடல் ஏற்றம் அதிகமாக இருக்கும். முகத்துவாரத்தில் ஆற்றுநீரும் கால்வாய் நீரும் கடலுக்குள் இறங்கத் தாமதமாகும். மழை நின்றபிறகும் தெருவில் தண்ணீர் வடியாமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தண்ணீர் திறக்கிறார்கள் என்ற அறிவிப்பு வந்து, வெளியேறச் சொன்னால் உடனே கிளம்புங்கள். ஃபிரிட்ஜையும் கட்டிலையும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். முதியவர், கர்ப்பிணி, நடக்க முடியாதவர் வீட்டில் இருந்தால் சொல்வதற்கு முன்பே உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவது நல்லது. இரவில் இடுப்பளவு தண்ணீரில் நாற்காலியில் தூக்கிப்போவது எவ்வளவு கஷ்டம் என்பதை 2015-இல் இந்த ஊர் பார்த்துவிட்டது.

17. அடுக்குமாடியில் மேல்தளத்தில் இருப்பவர்கள் வாட்ச்மேன் அறை எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். பெரும்பாலும் தரையோடு தரையாக, கார் நிறுத்துமிடத்தின் மூலையில் இருக்கும். அவர் குடும்பத்தோடு அங்கே தங்கியிருக்கலாம். சங்கத்தில் பேசி, மழை இரவுகளில் அவர்கள் தங்க மேலே ஓர் இடம் ஒதுக்குங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவை ஆரஞ்சு எச்சரிக்கை நாளில் வரவேண்டாம் என்று முந்தைய மாலையே சொல்லிவிடுங்கள், சம்பளத்தில் பிடிக்காதீர்கள். அவர் வீட்டிலும் சம்ப்பும் மாடியும் பிள்ளைகளும் உண்டு.

18. புயல் நேராக நம் ஊர் மேலேயே கடந்தால், வீசிக்கொண்டிருந்த காற்று திடீரென்று அடங்கி வானம் வெளுத்ததுபோலத் தெரியும். புயலின் கண் பகுதி தலைக்கு மேல் இருக்கிறது என்று அர்த்தம். வெளியே வந்து சாய்ந்த மரத்தைப் படம் எடுக்கப் போகாதீர்கள். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பவும் வீசும். "புயல் முழுமையாகக் கரையைக் கடந்துவிட்டது" என்று வானிலை மையம் சொல்லும்வரை உள்ளேயே இருங்கள்.

19. இந்த எண்களைத் தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள்: மாநகராட்சி 1913, மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, மின்சாரப் புகார் 94987 94987, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, கேஸ் கசிவு 1906. கைப்பேசியில் சார்ஜ் போய்விட்டால் அடுத்த வீட்டுப் போனிலிருந்து கூப்பிட வேண்டியிருக்கும், அப்போது எண் கண்ணெதிரே இருக்க வேண்டும்.

20. மழை விட்டு வெயில் வந்த அன்றே கொசு வேலை தொடங்கிவிடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். எனவே வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, தேங்கியதையெல்லாம் கவிழ்க்க வேண்டும்: ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டிச் சட்டி, மாடியில் கிடக்கும் டயர், தேங்காய் ஓடு, ஏசி தண்ணீர் சொட்டும் பக்கெட், பறவைக்கு வைத்த கிண்ணம். காலில் புண்ணோடு வெள்ளத்தில் நடந்தவர்களுக்குச் சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தண்ணீரில் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வீட்டுக்குள் சேறு வந்திருந்தால் ரப்பர் செருப்போடு நின்று, முதலில் சேற்றை வழித்து, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் தரையைக் கழுவுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலக்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். சன்னல்களை நன்றாகத் திறந்துவையுங்கள். சுவர் சுவிட்சுகளை எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சரி என்று சொன்னபிறகே மெயினைப் போடுங்கள்.